மூணு நிமிசம்

கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் மெஷின் இடிக்கத் தொடங்கியதும் குத்தாலிங்கம் சட்டைப் பையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. அக்காவின் மூக்குத்தி. பழைய மருந்துச் சீட்டின் ஓரத்தைக் கிழித்து, கல் வைத்த பூவையும் திருகையும் அதில் மடித்து நர்ஸ் கொடுத்திருந்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஆசாரி வீட்டில் வைத்துப் போட்டது, நாற்பது வருஷத்துக்கு மேல் கழற்றியதில்லை. அத்தான் இறந்தபோது தாலியைக் கழற்றியவர்கள்கூட இதை விட்டுவைத்திருந்தார்கள். உள்ளே ஒரு ஊசி அளவு உலோகம்கூடப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு அந்தச் சின்னப்பெண் நர்ஸ் சோப்புத் தண்ணீரும் தேங்காயெண்ணெயுமாகக் கால் மணி நேரம் போராடினாள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய அக்கா, "எனக்கு வலிக்கல தாயி, நீ திருகு," என்று அவளுக்குத் தைரியம் சொன்னாள். கழன்று வந்தபின் மூக்கில் வெளுப்பாக ஒரு வட்டம், நடுவில் ஓட்டை. குத்தாலிங்கம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அக்காவை அவர் எத்தனையோ கோலத்தில் பார்த்திருக்கிறார், வெறும் மூக்கோடு பார்த்ததில்லை. "நாற்பது நிமிஷம் ஆகும் சார், உக்காருங்க," என்று நர்ஸ் கதவைச் சாத்தினாள். நாற்பது நிமிஷம். அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்த கணக்கு. எங்கே கேட்டோம் என்று யோசிப்பதுபோல ஒரு நொடி தன்னிடமே பாசாங்கு செய்தார். யோசிக்க என்ன இருக்கிறது? அக்கா முன்பெல்லாம் போனில் பேசியது அந்த நாற்பது நிமிஷம்தான். இடது கையில் அவளுடைய பட்டன் போன் இருந்தது. அதையும் உள்ளே விடவில்லை.

ஹாலில் பத்துப் பேர் இருப்பார்கள், பத்துப் பேரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'செல்போனில் பேசக் கூடாது' என்று எழுதியிருந்த சுவருக்கு அடியிலேயே ஒருவர் உட்கார்ந்து, நெல் அறுப்பு மெஷின் வந்ததா வரவில்லையா என்று சுரண்டை வரைக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். சுரண்டை என்று அவருக்கு ஏன் தோன்ற வேண்டும்? தோன்றத்தான் செய்யும், அக்கா இருப்பது சுரண்டையில். இங்கே பாளையங்கோட்டையில் இவர் வீட்டில் போன் அடித்தால் அங்கே விளக்குப் பொருத்தி முடித்துவிட்டாள் என்று அர்த்தம், மணி ஏழு பத்து என்று அர்த்தம். அத்தானுக்குப் பதினாறு கழிந்த மறுநாள் ஆரம்பித்தாள். ஒருநாள்கூட விடவில்லை. என்ன பேசுவாள்? கறிவேப்பிலைக் கன்றை ஆடு கடித்துவிட்டது, பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சருக்கு மாற்றல் வரும்போல் இருக்கிறது, ஒரு ஆளுக்குக் குழம்பு வைத்தால் உப்பு நிதானம் பிடிபடவே மாட்டேன் என்கிறது. இதுதான் பேச்சு. இதற்கு நாற்பது நிமிஷம். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு இவர் பேப்பர் திருத்துவார், கிரிக்கெட் பார்ப்பார். அவள் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் ஒரு 'ம்' போடுவார். மனைவி பிரேமா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். ஒருதரம் அக்கா அழுதுகொண்டிருந்த இடத்திலும் அதே 'ம்' விழுந்துவிட்டது. அன்றைக்கு இவர் அதைக் கவனிக்கவில்லை. பிரேமாதான் சொன்னாள், "உங்கக்கா அழுதாங்க, நீங்க ம்ங்கிறீங்க."

இந்த இடத்தில் மனசு நின்றுகொள்ளும். மேலே போகாது. சரி, வேறு எதையாவது நினைக்கலாம் என்று பார்த்தால் மெஷின் விடவில்லை. டக்கு டக்கு டக்கு என்று இடித்து, கொஞ்சம் ஓய்ந்து, பிறகு ஆலைச் சங்குபோல நீளமாக ஒரு சத்தம். உள்ளே அவள் ஆடாமல் படுத்திருக்கிறாள். காந்தப்புலம். எத்தனை வருஷம் கரும்பலகையில் வரைந்திருப்பார் இந்தக் காந்தப்புலத்தை! பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கும் குத்தாலிங்கம் சார் என்றால் பள்ளிக்கூடத்தில் ஒரு மரியாதை உண்டு. அலைகளில் எது அணுவைக் கிழிக்கும், எது கிழிக்காது என்று அவர் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சும் கேட்கும். செல்போன் அலைக்கு அந்தப் பலம் கிடையாது, அது யார் மூளையையும் வேகவைக்காது, அதிலும் உங்களுக்கு வேகவைக்க மூளை இருந்தால்தானே என்பார், பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த மனுஷன்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது, இரண்டு போனுக்கு நடுவே ஒரு முட்டை, பேசப்பேச முட்டை அவிந்துவிட்டதாம், உங்கள் மூளையும் இப்படித்தானாம், புற்றுநோயாம், பத்துப் பேருக்கு அனுப்புங்கள். இவர் கோபத்தோடு பதினோரு வரியில் மறுப்பு எழுதிப் போட்டார். ஆராய்ச்சிகள் இன்னும் நடக்கின்றன, இதுவரை எதுவும் நிரூபணமாகவில்லை, ஆசிரியர்களே இதைப் பரப்பலாமா என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்போது மணி ஏழு. டிவியில் மேட்ச் நல்ல கட்டத்தில் இருந்தது. ஏழு பத்துக்கு போன் அடித்தது.

"எக்கா, ஒண்ணு சொல்லணும்," என்றார். குரல்கூட மாறவில்லை. "எங்க ஸ்கூல் பையன் ஒருத்தனோட அப்பா பெரிய மூளை டாக்டரு. அவர் சொன்னாரு, இந்த செல்லுல ஒரு நாளைக்கு மூணு நிமிசத்துக்கு மேல பேசக் கூடாதாம். தலைக்குள்ள கட்டி வருமாம்." அந்த மூன்று எங்கிருந்து வந்தது? இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. டிவியில் விளம்பரம் போட்டால் திரும்ப ஆட்டம் வருவதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அதுதான் மூன்று. அக்கா கண்டுபிடித்துவிட்டாளோ என்று டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு அவள் பதறிய பதற்றம் இன்னும் காதில் இருக்கிறது. "ஐயையோ, இவ்வளவு நாளா வாயத் தொறக்காம இருந்துட்டியேல! நான் பாட்டுக்கு தெனமும் உன் தலையப் போட்டு… ஏல, வை. மொதல்ல காதுலருந்து எடு. நீ வை." உன் தலை என்றாள். தன் தலையை அவள் நினைக்கவேயில்லை. அவர் வைத்தார். வைத்தபோது மனசுக்கு எவ்வளவு லேசாக இருந்தது! விளம்பரம் முடிந்து ஆட்டம் வந்திருந்தது. அதைத்தான் இப்போது தாங்க முடியவில்லை, அந்த லேசை. பொய் எல்லாரும் சொல்வதுதான். சொல்லிவிட்டு ஒரு உறுத்தலாவது இருந்திருக்கலாம். "என்ன, அதுக்குள்ள வச்சுட்டாங்க?" என்று பிரேமா கேட்டதற்கு, "ஏதோ சோலி இருக்காம்," என்று அடுத்த பொய்யையும் கையோடு சொல்லிவிட்டு முறுக்கு எடுத்துத் தின்றார். முறுக்குத் தின்றதுவரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாளிலிருந்து அத்தானின் டைம்பீஸை எடுத்து போன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எஸ்தர் டீச்சர் சொல்லித்தான் அது தெரியும். முள்ளைப் பார்த்துக்கொண்டே பேசுவாளாம். அவளுக்கு அது புதுசும் இல்லை. இவர் மதுரையில் ஹாஸ்டலில் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்தில் நின்று, மீட்டரில் காசு சிவப்பு எழுத்தில் ஓடுவதைப் பார்த்தபடி ஒரு வாரத்துச் சேதியை மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பாள். ஐம்பத்தாறு வயசில் மறுபடியும் அப்படிப் பேச வைத்தார் தம்பி. என்ன சாப்பிட்ட, பிரேமாவுக்கு இடுப்புவலி எப்படி, பேப்பர் திருத்தி முடிச்சாச்சா, எல்லாம் இவரைப் பற்றித்தான். அதிலேயே இரண்டு நிமிஷம் போய்விடும். பிறகு ஆடு, கறிவேப்பிலை. "ஏல, முள்ளு வந்துட்டு, நீ வை." அந்தத் தெருவுக்கே அவள் இதை ஓதினாள். எந்தம்பி பிசிக்ஸ் வாத்தியார், அவனே சொன்னான் என்றால் யார் மறுப்பார்கள்? கல்யாணமாகி வெளியூர் போன பிள்ளைகளோடு பேசும் தாய்மார்கள்கூட அந்தத் தெருவில் மூன்று நிமிஷத்தில் வைத்துவிடுகிறார்களாம். தன் பொய்யால் அங்கே எத்தனை வீடு வாயை மூடிக்கொண்டது என்று நினைத்ததும் குத்தாலிங்கத்துக்கு உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் கேன் வரைக்கும் போனார். டம்ளர் சங்கிலியில் கட்டியிருந்தது. குடிக்காமல் திரும்பி வந்தார்.

சித்திரையிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது அவளுக்கு. முள் வரும் நேரத்தில், "இன்னொண்ணு சொல்லணும்…" என்று ஆரம்பிப்பாள். உடனே, "சரி, நாளைக்குச் சொல்லுதேன், நீ வை," என்பாள். இவர் வைத்துவிடுவார். அந்த இன்னொண்ணு என்னவாக இருக்கும் என்று ஒருநாள் கேட்டிருக்கலாம். கேட்டால் அது நீளும். நீண்டால் மூணு நிமிஷம் உடையும், உடைந்தால் பழையபடி நாற்பது வந்து உட்காரும். அதனால் கேட்கவில்லை. அது ஆடாக இருக்கலாம், எஸ்தர் டீச்சரின் மாற்றலாக இருக்கலாம். ஆடாகத்தான் இருக்கும். போன வெள்ளிக்கிழமை ஏழு பத்துக்கு போன் வரவில்லை. அப்பாடா, இன்னைக்கு மறந்துட்டா என்றுதான் முதலில் தோன்றியது. மறைத்து என்ன, அப்பாடா என்றேதான் தோன்றியது. எட்டரைக்கு எஸ்தர் டீச்சர் கூப்பிட்டாள். "சார், அக்கா குளியலறையில விழுந்து கெடந்தாங்க. ரொம்ப நாளா தல சுத்துதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்களே, உங்களுக்குத் தெரியும்லா?" தெரியும் என்றார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நேற்று நரம்பு டாக்டரிடம் நடந்தது அதைவிட மோசம். அவர் வலது கை, இடது கை என்று பிடிக்கச் சொல்லிப் பார்த்தார், கோட்டில் நடக்கச் சொன்னார், இது எத்தனை மாசமாக என்று கேட்டார். "நாலு மாசம் இருக்கும்," என்றாள் அக்கா. பேனாவை வைத்துவிட்டு, ஏன் முன்னாலேயே வரவில்லை என்று டாக்டர் கேட்டதும் அவள் ஏதோ குற்றவாளிபோலக் கையைக் கட்டிக்கொண்டாள். "டாக்டர், நான் செல்லுல மூணு நிமிசத்துக்கு மேல பேசுனதே இல்ல. எஸ்தரக் கேட்டுப் பாருங்க. அப்படியிருந்தும் கட்டி வருமா?" டாக்டர் சிரித்தார், வயசான பொம்பளையின் பயத்தைப் பார்த்துச் சிரிக்கும் நல்ல சிரிப்புதான். "செல்லால வரும்னு இன்னும் யாரும் உறுதியாச் சொல்லலம்மா. கட்டிதானான்னே ஸ்கேன் பாத்தாத்தான் தெரியும். அது சரி, மூணு நிமிஷம்னு யாரு சொன்னா?" "ஒரு பெரிய மூளை டாக்டரு. எந்தம்பிக்குத் தெரிஞ்சவுக." டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "சார் என்ன பண்றீங்க?" "டீச்சர்." "என்ன சப்ஜெக்ட்?" குத்தாலிங்கம் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருஷமாகப் பெருமையாகச் சொல்லி வந்த ஒற்றைச் சொல். "வரலாறு," என்றார். அக்கா சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். தம்பி ஏதோ காரணமாகத்தான் சொல்கிறான் என்று அதையும் அவருக்காக விழுங்கிக்கொண்டாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது, "நல்லவேளை, எனக்கு வந்துட்டு. உனக்கு வரல. நீதான் வலது காதுலயே வச்சுப் பேசுவ," என்றாள்.

சொல்லிவிட வேண்டும். வெளியே வந்ததும் சொல்லிவிட வேண்டும். ரிப்போர்ட் வருவதற்குள் சொல்லிவிட்டால் ஒன்று, ரிப்போர்ட்டில் ஏதாவது வந்தபின் சொன்னால் வேறு. அப்போது அது ஆறுதலுக்காகச் சொல்வதுபோல ஆகிவிடும். எக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். இல்லை, தப்பு என்று ஆரம்பித்தால் அவள் பதறுவாள். எக்கா, அந்த டாக்டர் இருக்காருல்லா. இருக்கார் என்று எப்படிச் சொல்வது? இல்லாத டாக்டர். இதற்கு நடுவே மனசு ஒரு கேவலமான வேலை செய்தது. ஒருவேளை உண்மையாகவே இருந்தால்? நாளைக்கே எவனாவது ஆராய்ச்சியில் நிரூபித்து, போனால் கட்டி வரும் என்று ஆகிவிட்டால், தான் சொன்னது பொய்யில்லை, முன்னெச்சரிக்கை. அக்காவின் மூளையைக் காப்பாற்றிய தம்பி. அப்படி ஆகிவிட்டால் நன்றாயிருக்குமே என்று ஒரு நொடி ஆசையே பட்டுவிட்டார், உலகத்தில் போன் வைத்திருக்கும் அத்தனை பேர் தலையையும் பணயம் வைத்து. ஆனால் உண்மை என்றால் மூணு நிமிஷம் மட்டும் பேசினவளுக்கு ஏன் வர வேண்டும்? பொய் என்றால் மூணு நிமிஷம் எதற்கு? எந்தப் பக்கம் போனாலும் அக்காதான் குறுக்கே நின்றாள். கையிலிருந்த பட்டன் போனைச் சும்மா அமுக்கினார். வரிசையாகத் 'தம்பி', 'தம்பி', 'தம்பி'. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம். இரண்டு நிமிஷம் ஐம்பத்தொன்று. இரண்டு நாற்பத்தெட்டு. இரண்டு ஐம்பத்தாறு. கீழே தள்ளத் தள்ள அதேதான். ஒன்றாவது மூன்றைத் தாண்டியிருக்குமா என்று கடைசிவரை தேடிப் பார்த்தார். இல்லை. உள்ளே மெஷின் நின்றுவிட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

கதவு திறந்தது. பச்சைக் கவுன் போட்டு, நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தாள். அந்தக் கவுனில் குட்டையாகத் தெரிந்தாள். சத்தத்துக்காக இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ரிப்போர்ட் சாயங்காலம் என்று சொல்லி நர்ஸ் உள்ளே போனாள். குத்தாலிங்கம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தெளிவாக, வகுப்பில் நடத்துவதுபோல ஒரு திக்கல் இல்லாமல் சொன்னார். "எக்கா, அந்த மூணு நிமிசம் நான் சும்மா சொன்னது. அப்படி ஒரு டாக்டரே கிடையாது. நீ தெனமும் பேசுதது எனக்குச் சலிப்பா இருந்துச்சு. அதான்." அக்கா அவர் வாயையே பார்த்துச் சிரித்தாள். ஒரு காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினாள். "என்னல சொன்ன? பஞ்சுல ஒண்ணும் கேக்கல." "தண்ணி வேணுமான்னு கேட்டேன்." "வேண்டாம்." பஞ்சைக் கவனிக்காமல் சொல்லிவிட்டார் பாவம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கவனித்தார். கவனித்ததால்தான் அவ்வளவு நன்றாகச் சொல்ல வந்தது.

"மூக்குத்தியக் குடு. வெறும் மூக்கோட இருக்க ஒரு மாதிரியா இருக்கு," என்று இன்னொரு காதுப் பஞ்சையும் எடுத்துப் போட்டாள். பூவை அவளே வைத்துக்கொண்டாள். திருகுதான் அகப்படவில்லை. "நீ போடு." குத்தாலிங்கம் குனிந்து, ஒரு கையால் பூவை அழுத்திப் பிடித்து, மறு கையால் உள்ளே தண்டைத் தேடித் திருகைப் பொருத்தப் பார்த்தார். இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. கண்ணுக்குக் கீழே புதுசாக ஒரு மச்சம் இருந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள். "ஏல, உள்ள படுத்துக் கெடக்கும்போது ஒண்ணு நெனச்சேன். டாக்டர்ட்ட நான் முழுசாச் சொல்லல. நீ வச்ச பொறவும் நான் கொஞ்ச நேரம் காதுலயே வச்சிருப்பேன். ஒரு சத்தமும் இருக்காது, சும்மாத்தான் வச்சிருப்பேன். சில நாளு அஞ்சு நிமிசம்கூட இருக்கும். அதையும் சேத்தா மூணுக்கு மேல போயிருமேல? அதனாலதான் வந்திருக்குமோ?"

திருகு விரலில் வழுக்கியது. மறுபடி பிடித்தார். இப்போது பஞ்சு இல்லை.

"எக்கா, அப்படி ஒரு டாக்டரே கிடையாது," என்றார். குரல் பிசிறியது. "நானாச் சொன்னது. மேட்ச் பாக்கணும்னு சொன்னேன்."

அக்கா அசையவில்லை. மூக்கு அவர் கையில் இருந்தது, அசையவும் முடியாது. அவள் மூச்சு அவர் விரலில் பட்டுக்கொண்டிருந்தது.

"அப்போ எவ்வளவு பேசினாலும் உன் தலைக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஆவாதுக்கா."

"நெசமாவே?"

"நெசமா."

அவள் பெருமூச்சு விட்டாள். அந்த ஐந்து வருஷப் பயம் இறங்கியது அவர் விரலுக்கே தெரிந்தது. எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அந்த நெல் அறுப்புக்காரர் இன்னும் பேசி முடிக்கவில்லை. பிறகு, கோபம் இல்லாமல், கறிவேப்பிலையை ஆடு கடித்ததைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"தல சுத்துதுன்னு உங்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்ல, சித்திரையிலருந்து. நேரம் பத்தல."

திருகு பிடித்துவிட்டது. குத்தாலிங்கம் கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.